சந்தனமா, வெளிர்நீலமா?

அலிபிரியில் மலையைப் பார்த்த சாளரம் என்றால் அது பெரும்பாலும் வடக்குச் சாளரம். சேஷாசல மலைகள் அத்திசையில் எழுந்து நிற்க, அறைக்குள் நேர்வெயில் குறைவாகவும் நீலம் கலந்த வானொளி மிகுதியாகவும் நுழைகின்றது. அத்தகைய அறையை முதிய பெற்றோருக்கென ஒதுக்கி, சுவருக்குச் சந்தன நிறம் பூசுவதா, வெளிர்நீலம் பூசுவதா என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்பாராயின், நாம் தயங்காமல் சந்தனத்தையே சொல்வோம்.

நீலம் குளிர்ச்சி தரும் என்பது பலர் வாதம். கண்ணுக்கு அது மெய், உடலுக்கு அன்று. திருப்பதியின் மே மாத வெப்பம் கூரை வழியாகவும் வெளிச்சுவர் வழியாகவும் இறங்குகின்றது. உட்சுவரின் நிறம் அதைத் தடுப்பதில்லை. குளிர்ச்சி வேண்டுவோர் மொட்டைமாடியில் வெண்பூச்சுக்குச் செலவிடலாம்.

முதுமையில் கண்வில்லை மெல்ல மஞ்சளாகின்றது. கண்புரை வளர வளர அம்மஞ்சள் அடர்கின்றது. நீல ஒளியை அது வடிகட்டிவிடுவதால், நமக்கு வெளிர்நீலமாய்த் தோன்றும் சுவர் அவர்களுக்குச் சாம்பல் பூத்தது போலத் தெரியலாம். எனினும் சுவர் நிறம் மட்டும் போதாது. வெளிறிய சுவரில் வெளிறிய கதவுநிலையும் சுவிட்சுப் பலகையும் கரைந்துபோகும். நிலைக்கு அடர்பழுப்பு பூசினால், இரவில் எழுந்து நடப்பவர் வழியறிவார். இடுப்பெலும்பு முறிவுக்கு ஆகும் மருத்துவச் செலவின் முன் ஒரு லிட்டர் எனாமலின் விலை எம்மாத்திரம்!

மேற்குப் பார்த்த அறையாயின் நம் தீர்ப்பு மாறும். மாலை வெயில் பட்டதும் சந்தனம் காவியேறிக் கண்ணை உறுத்தும். அங்கு, அதுவும் இளையோர் அறையெனில், நீலமே இதம்.

டப்பாவின் மேல் ஈய அளவு குறித்த வாசகத்தையும் படித்துவிடுங்கள். 2017 நவம்பர் முதல் வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் பத்து இலட்சத்துக்கு 90 பங்கைத் தாண்டலாகாது என்பது சட்டம்.

வெளிர் நிறங்களுக்கிடையே விலை வேறுபாடு சொற்பமே. பெருஞ்செலவு பட்டிக்கும் கூலிக்கும் போகின்றது. நிறம் பிடிக்காமல் மறுபடி பூசினால் அக்கூலி மீண்டும் எழும். ஆகவே கடையின் நிற அட்டையை மட்டும் நம்பி ஆளைக் கூப்பிட வேண்டாம். விரலகலத் துண்டில் மென்மையாகத் தெரியும் நிறம் நான்கு சுவரிலும் ஏறியதும் அடர்ந்து நிற்கும். சிறு டப்பா வாங்கி, இரண்டடி அட்டையில் இருமுறை பூசி, சுவரோரம் சாய்த்து, காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் பாருங்கள். 2,700 கெல்வின் மஞ்சள் விளக்கிலும் 6,500 கெல்வின் வெள்ளை விளக்கிலும் ஒரே சுவர் இரு முகம் காட்டும். அந்த அட்டையின் முன் முதலில் அமரவேண்டியவர் அவ்வறையில் உறங்கப்போகும் அன்னையோ தந்தையோ ஆவர்.