குணசேகரனுக்குக் கைதட்டுவோர்

“பாத்திரப் படைப்பு என்றால் ஆதி குணசேகரன்தான்!” திருவந்திபுரத்துத் திண்ணைகளிலும் இப்புகழுரையைக் கேட்டேன். சன் தொலைக்காட்சியில் திருச்செல்வம் இயக்கிய ‘எதிர்நீச்சல்’ (2022–2024) தொடரில், படித்த மருமகள்களை அடுப்படியில் முடக்கியவன் அவன். அவனது அதட்டலுக்கே நாம் சிரித்து மகிழ்ந்தோம். 2023 செப்டம்பரில் மறைந்த மாரிமுத்துவின் நடிப்பு போற்றத்தக்கதே. அவர் நடித்துக் காட்டிய ஆணவம் அத்தகையதன்று.

“எங்கள் வீட்டிலும் இப்படித்தான், எவ்வளவு இயல்பான எழுத்து!” என்கின்றனர் அன்பர்கள். இயல்பெனில், வெட்கப்பட வேண்டியவர் யார்? ஈஸ்வரிக்கும் நந்தினிக்கும் கண்ணீர் விடுகிறோம். நம் மருமகள் வேலைக்குச் செல்ல விரும்பினால் முகத்தைத் திருப்புகிறோம். திரையிலுள்ள பெண்ணுக்கு இரங்குவதில் நமக்கு எந்த இழப்புமில்லை.

எழுத்தாளரைப் பாராட்டியது போதும். இன்றிரவு அடுப்படியில் நிற்பவளிடம் அவள் விருப்பத்தைக் கேட்போம்.