‘உன் கொள்ளுத்தாத்தா யார்?’

திருவண்ணாமலையில் பௌர்ணமி கிரிவலம் போகிறவர்கள், செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைக் கடந்துதான் போவார்கள். அந்த ரமண மகரிஷியைப் பற்றி 1944-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஒரு ஜெர்மன் புத்தகம் வெளியானது. துணைத்தலைப்பிலேயே ‘திருவண்ணாமலை’ என்று நம் ஊர்ப்பெயர் இருக்கும்!

எழுதியவர் ஹைன்ரிஷ் ஸிம்மர். ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் சொல்லிக்கொடுத்தவர். புத்தகம் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. 1943-லேயே நியூயார்க்கில் இறந்துவிட்டார். ஹைடல்பர்க் பேராசிரியர் நியூயார்க்குக்கு ஏன் போனார்?

காரணம், அவர் பெண் எடுத்த வீடு.

மாமனார், வியன்னாவின் புகழ்பெற்ற கவிஞர் ஹியூகோ வான் ஹாஃப்மன்ஸ்தால். பள்ளியில் படிக்கும்போதே புனைபெயரில் கவிதை எழுதிப் பேர் வாங்கியவர். அவருடைய கொள்ளுத்தாத்தா யூதர். தாத்தா காலத்திலேயே குடும்பம் கத்தோலிக்க மதத்துக்கு மாறிவிட்டது. கவிஞர் கத்தோலிக்கராகவே வளர்ந்து, 1929-ல் கத்தோலிக்கராகவே இறந்தார். மனைவி கெர்ட்டியும் யூத வம்சத்தில் வந்தவர்.

ஹிட்லர் ஆட்சிக்கு மதம் மாறியதெல்லாம் கணக்கில்லை. ரத்தம்தான் கணக்கு. இந்தத் தம்பதியின் மகள் கிறிஸ்டியானேதான் ஸிம்மரின் மனைவி. அதற்காகவே 1938-ல் அவரது வேலை பறிபோனது. குடும்பத்தோடு இங்கிலாந்து, பிறகு அமெரிக்கா என்று அலைந்தார்.

அதே 1938-ல் ஆஸ்திரியாவும் ஹிட்லர் கைக்குப் போனது. அங்கே சால்ஸ்பர்க் கலைவிழா 1920-ல் தொடங்கியதே ஹாஃப்மன்ஸ்தாலின் ‘யேடர்மன்’ நாடகத்தோடுதான். சாகும் நேரத்தில் கடவுளைத் தேடும் பணக்காரனின் கதை அது. தேவாலயத்தின் முன்னாலேயே நடத்தப்பட்ட அந்த நாடகத்தை, ஹிட்லரின் ஆட்கள் வந்த வருடமே நிறுத்திவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இசையமைத்த ‘டெர் ரோசன்கவாலியர்’ இசை நாடகம் மட்டும் ஜெர்மன் அரங்குகளில் தொடர்ந்து நடந்தது. அதன் பாடல் பிரதி ஹாஃப்மன்ஸ்தால் எழுதியது. பாட்டு வேண்டும், எழுதியவரின் பரம்பரை மட்டும் ஆகாது!

போர் முடிந்ததும், 1946-ல் ‘யேடர்மன்’ சால்ஸ்பர்க்குக்குத் திரும்பியது. ஸிம்மருக்கு அப்படித் திரும்பும் வாய்ப்பு கிடைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் இந்தியாவைப் படித்தவர், ஒருமுறைகூட இந்தியாவுக்கு வந்ததில்லை. திருவண்ணாமலையைப் பார்க்காமலேயே போய்விட்டார்.

‘உன் கொள்ளுத்தாத்தா யார்?’ என்று கேட்டு ஓர் அரசு அவரைத் துரத்தியது. அவர் எழுதிக்கொண்டிருந்ததோ, ‘நான் யார்?’ என்று உன்னையே கேட்டுக்கொள் என்று சொன்னவரைப் பற்றி. முதல் கேள்வி நமக்கும் புதிதல்ல. வாடகைக்கு வீடு கேட்கும்போதும், வரன் பார்க்கும்போதும் இன்றும் அதைத்தானே கேட்கிறோம்?