துலா மாத இடி
தமிழரின் ஐப்பசி மலையாளிகளுக்குத் துலாம். காலையில் சுள்ளென்று வெயில். பிற்பகலில் கிழக்கு கறுக்கும். மாலையில் கொச்சி தேவராவின் காயல் மேல் இடி முழங்கும். மார்ச் முதல் மே வரையிலும் இதே கதைதான்.

வெட்டவெளிக் காயலில் வள்ளத்தில் நிற்பவரே உயரமான இலக்கு. மின்னலுக்குப் பின் மூன்று விநாடியில் இடி கேட்டால் தொலைவு ஒரு கிலோமீட்டர். 30 எண்ணுமுன் கேட்டால் கரையேறிக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், மரத்தடி ஆபத்து. கடைசி இடிக்குப் பிறகும் 30 நிமிடம் பொறுப்பது நல்லது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, 2022இல் இந்தியாவில் மின்னலுக்குப் பலியானவர்கள் 2,887 பேர். மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பது வீண் பயம். உடலில் மின்சாரம் தங்காது. இதயம் நின்றிருந்தால் உடனே மார்பை அழுத்த வேண்டும். பலர் பிழைப்பதும் பிழைக்காததும் அந்தச் சில நிமிடங்களில்தான்.