மங்கு போகிறதா, முகமே போகிறதா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கன்னத்தில் மங்கு விழுந்த பெண்கள் பொறுமையாகப் படியுங்கள். அவர்கள் வீட்டு ஆண்களும் படித்தால் இன்னும் நல்லது.

நான் மருத்துவர் இல்லை. இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து, உத்திரமேரூர் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். என்னிடம் 'அ' எழுதிப் பழகிய பெண்கள் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பஸ் நிலையத்தில் பார்த்தால் நின்று பேசாமல் போக மாட்டார்கள். சில வருஷங்களாக அவர்களில் பல பேருடைய முகத்தைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. மங்கைப் பார்த்து அல்ல, மங்குக்கு என்று வாங்கித் தடவிய டியூப் செய்து வைத்த வேலையைப் பார்த்து.

ஒரு மாணவி. பெயர் வேண்டாம். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு. மருந்துக் கடையில் கேட்டாள். ஒரு சின்ன டியூப் கொடுத்தார்கள். பதினைந்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. "என்னடி போடுற?" என்று கேட்ட பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் அதே டியூபை வாங்கினார்கள். எட்டு மாதம் கழித்து அவள் முகம் சிவந்து, தோல் மெலிந்து, உள்ளே ஓடும் நரம்பு சிவப்புச் சிவப்பாகத் தெரிந்தது. கன்னத்தில் பூனைமுடி, புதிதாகப் பருக்கள். அடுப்பின் முன்னால் நின்றால் எரிச்சல். நிறுத்திப் பார்த்தால் எரிச்சல் இரண்டு மடங்கு. அதனால் திரும்பவும் அதே டியூப்.

அதில் இருந்தது ஸ்டீராய்டு. முதலில் அது தோலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், நிறத்தையும் குறைக்கும். அதைத்தான் "வெளுத்துட்டேன்" என்று நாம் சந்தோஷப்படுகிறோம். நாள் ஆக ஆகத் தோல் மெலிந்துபோய், மருந்து இல்லாமல் இருக்க முடியாது என்ற நிலைக்கு முகம் வந்துவிடும். தோல் மருத்துவர்கள் இதற்கு 'ஸ்டீராய்டால் கெட்டுப்போன முகம்' என்றே தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. இந்தியத் தோல் மருத்துவர்கள் 12 மையங்களில் நடத்திய ஆய்வு ஒன்று 2011-இல் வெளியானது. முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு கிரீம் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்த 433 பேரில் 100-க்கு 59 பேருக்கு அதைச் சொன்னது மருத்துவர் அல்லாத வேறு யாரோ. தோழி, சொந்தக்காரர், கடைக்காரர், அழகு நிலையம் என்று நமக்குத் தெரிந்த ஆட்கள்தான்.

சரி, மங்கு என்றால் என்ன? தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் சில இடங்களில் அளவுக்கு மீறி வேலை செய்வதுதான். கன்னம், நெற்றி, மூக்கு, மேல் உதட்டுக்கு மேலே, பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும். அரிக்காது, வலிக்காது. ஒட்டுவொட்டியும் இல்லை. வெயில் முக்கியக் காரணம். கர்ப்ப காலமும் கருத்தடை மாத்திரையும் சிலருக்குத் தூண்டிவிடும். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். ஆண்களுக்கும் வரும். கர்ப்பத்தில் வந்தது பிரசவம் ஆன சில மாதங்களில் தானாகவே மங்கிப்போவதும் உண்டு. "ஈரல் கெட்டுப்போச்சு", "ரத்தத்துல அழுக்கு" என்று சொல்வதெல்லாம் பயமுறுத்தல்.

என் கருத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மங்கைச் சர்க்கரை, பிரஷர் மாதிரி நினைக்க வேண்டும். கட்டுக்குள் வைக்கலாம். நன்றாகவே குறைக்கலாம். ஆனால் ஒரே மாதத்தில் அடியோடு போக்குகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒழுங்கான மருந்தே பலன் காட்ட இரண்டு மூன்று மாதம் எடுக்கும். விட்டு வெயிலில் அலைந்தால் திரும்பி வரும். இந்தப் பொறுமை நமக்கு இல்லாததைத்தான் அந்த டியூப் காசாக்குகிறது.

"டாக்டரே ஸ்டீராய்டு கலந்த கிரீம் எழுதித் தர்றாரே டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. 1975-இல் அமெரிக்காவில் கிளிக்மேன், வில்லிஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், கொஞ்சம் ஸ்டீராய்டு மூன்றையும் கலந்து மங்குக்கு ஒரு மருந்து எழுதினார்கள். அதே முறையில் வந்த கலவைகளை இன்றும் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். ஆனால் இரவில் மட்டும், சில வாரங்களுக்கு மட்டும், நடுவில் வரச்சொல்லிப் பார்த்து, பிறகு மாற்றிவிடுவார்கள். நாமோ காலி டியூபைக் காட்டிக் காட்டி வருஷக்கணக்கில் வாங்குகிறோம். ஹைட்ரோகுவினோனையும் இப்படி வருஷக்கணக்கில் தடவினால் சிலருக்கு முகம் நீலக் கறுப்பாகிவிடும். அது மங்கைவிடப் பிடிவாதமானது. கர்ப்பிணிகளுக்கு இந்தக் கலவையே கூடாது. ரத்தப்போக்கை நிறுத்தும் ட்ரானெக்ஸாமிக் அமிலம் என்ற மாத்திரையையும் மங்குக்குக் குறைந்த அளவில் கொடுப்பது உண்டு. ரத்தம் உறையும் கோளாறு இருப்பவர்களுக்கு அது ஆபத்து. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுக்க மருத்துவரால்தான் முடியும்.

சட்டமும் இருக்கிறது. 2018 மார்ச்சில் மத்திய அரசு விதியைத் திருத்தி, 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று சொன்னது. அதற்கு முன்பு தோலில் தடவும் மருந்து என்பதால் விலக்கு இருந்தது. விதி வந்தும் சீட்டு கேட்காத கடைகள் இருக்கத்தான் செய்கின்றன.

ஆகவே ஒரு சின்னப் பாடம். வாத்தியார் புத்தி, மன்னித்துக்கொள்ளுங்கள். டியூபைத் திருப்பி மருந்தின் பெயரைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், மோமெட்டாசோன், ஹைட்ரோகார்ட்டிசோன் என்று 'சோன்' என முடிந்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டு. க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் இரண்டும் அதே குடும்பம். ஆங்கிலம் படிக்க வராவிட்டால் பள்ளிக்கூடம் போகும் உங்கள் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் தடவுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்த வேண்டாம். டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள்.

பெயரே இல்லாத சிவப்பழகு கிரீம் இன்னும் மோசம். கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு இருந்தது அபூர்வமான ஒரு வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் தடவியவர்கள். மருத்துவர்கள் சந்தேகித்தது கிரீமில் இருக்கும் பாதரசத்தை. முகத்தில் தடவுவது முகத்தோடு நிற்பதில்லை.

எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போவதையும் விட்டுவிடுங்கள். அதுவே தோலைப் புண்ணாக்கிக் கறுக்க வைக்கும்.

மங்குக்கு முதல் மருந்து வெயிலை மறைப்பதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. சன்ஸ்கிரீன் வாங்க முடிந்தவர்கள் எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாமல் வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்துத் தடவி, வெயிலில் இருந்தால் இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும் என்பதால், நம் நிறத்தவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் வகை இன்னும் நல்லது. பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி மூடியிருந்தாலும் கன்னத்தைக் கெடுக்கும் கதிர் உள்ளே வரும்.

ஆனால் நடவுக்குக் குனிந்து நிற்கும் பெண்ணுக்கும், நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் மண் வெட்டும் பெண்ணுக்கும் இந்தக் கணக்கு ஒத்து வராது. வியர்வையில் எல்லாம் வழிந்துவிடும், விலையும் கட்டாது. அவர்களுக்கு அகல விளிம்புத் தொப்பி, கெட்டி நெசவுத் துண்டு, குடை. "மகாராணி குடை பிடிச்சிக்கிட்டு வரா பாரு" என்று கிண்டல் செய்யும் வாய்களைத்தான் முதலில் மூட வேண்டும். மங்கு விழுந்ததும் "என்னடி மூஞ்சி இப்படி ஆச்சு?" என்று கேட்பதும் அதே வாய்கள். மாமியார், நாத்தனார், கல்யாண வீட்டில் பார்க்கும் பெரியம்மா என்று ஆளுக்கு ஒரு வார்த்தை. அதற்குப் பயந்துதான் பாதிப் பேர் டியூப் வாங்க ஓடுகிறார்கள்.

"டாக்டரைப் பார்க்கக் காஞ்சிபுரமோ செங்கல்பட்டோ போனா ஒரு நாள் கூலி போச்சு, பஸ் செலவு வேற. கடையில டியூப் மலிவு" என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. நியாயமான பேச்சுதான். அதனால்தான் மூன்று விஷயம் கேட்கிறேன். ஒன்று, நம் தாலுகா மருத்துவமனைக்குத் தோல் மருத்துவர் குறித்த நாளில் தவறாமல் வந்து பார்க்கும் ஏற்பாடு வேண்டும், அந்த நாள் எது என்று ஒவ்வொரு ஊராட்சியிலும் எழுதிப் போட வேண்டும். இரண்டு, வேலை நடக்கும் இடத்தில் ஓய்வுக்கு நிழல் வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தின் அட்டவணையிலேயே எழுதினார்கள். அந்த நிழல் கண்ணில் பட வேண்டும். மூன்று, மருந்துக் கடைக்காரத் தம்பிகளுக்கு. நீங்கள் ஊருக்கு எவ்வளவோ உதவி செய்கிறவர்கள். "இது முகத்துக்கு வேணாம்மா, சீட்டு வாங்கிட்டு வாங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நூறு ரூபாய் வியாபாரம் போனாலும், ஒரு பெண்ணின் முகம் தப்பிக்கும்.

மகளிர் குழுவில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டுங்கள். எல்லோரையும் வீட்டில் இருக்கும் டியூபைக் கொண்டுவரச் சொல்லி, பெயரைச் சேர்ந்து படியுங்கள். எனக்குச் சொன்னால் நானும் வருகிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துச் சொல்கிறேன்.