ஜாகுவாரா, போர்ஷேவா? பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதீங்க!

பழைய ஸ்போர்ட்ஸ் கார் சேகரிப்பவர்களிடம் ஓயாத பட்டிமன்றம் இது: பிரிட்டனின் ஜாகுவார் இ-டைப்பா, ஜெர்மனியின் போர்ஷே 911-ஆ?

1961-ல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமானபோதே இ-டைப்பின் அழகுக்கு ஊரே மயங்கியது. நீண்ட மூக்கு, 6 சிலிண்டர், 3.8 லிட்டர் இன்ஜின். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில்கூட ஒன்று இருக்கிறது.

போர்ஷே 1963-ல் '901' என்ற பெயரில் வந்தது. பெஜோ நிறுவனம் ஆட்சேபிக்க, '911' ஆனது. இன்ஜின் பின்பக்கம், அதைக் குளிர்விக்க ரேடியேட்டர் இல்லை, காற்றுதான்.

இரண்டுக்கும் பொது எதிரி, துரு. தனி சேஸி இல்லாமல் பாடியே பாரம் தாங்குவதால், அடிப்பாகம் அரித்தால் காரே பலவீனமாகிவிடும். 1970-களின் மத்தியில் 911-க்குத் துத்தநாகம் பூசிய தகடு வந்துவிட்டது. 1974-ல் உற்பத்தி நின்ற இ-டைப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆக, ரசித்துப் பாதுகாக்க இ-டைப். அடிக்கடி ஓட்ட, தகடு மாறியதற்குப் பிந்தைய 911. எதுவானாலும் லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். இன்ஜின் எண் ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். இன்ஜின் மாற்றப்பட்ட காருக்கு மதிப்பு குறைவு. பளபளப்புக்குப் பணம் கொடுப்பது அதற்கப்புறம்!