வெட்டிய அரளிக் கிளை எங்கே போகிறது?

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பேருந்தில் செல்லும் சகோதரிகள், நெடுஞ்சாலையின் நடுவே கடும் வெயிலிலும் பூத்து நிற்கும் அரளிச் செடிகளைக் கவனித்திருப்பீர்கள். எதிர்வரும் வண்டிகளின் விளக்கொளியை மறைக்கும்படி அடர்ந்து வளர்வது, மழை பொய்த்தாலும் தாக்குப் பிடிப்பது, ஆடு மாடுகள் மேயாமல் விட்டுவிடுவது ஆகியவற்றுக்காகவே சாலை நடுவில் அதனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இவற்றுள் கடைசிக் காரணத்தைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டிப் பகுதியில் அரளி ஒரு பணப்பயிர். மலர்ந்துவிட்டால் மதிப்புக் குறையும் என்பதால், மொக்காக இருக்கும்போதே அதிகாலையில் பறித்துச் சேலம் பூச்சந்தைக்கு அனுப்புகிறார்கள். பெரும்பகுதி கோயில் மாலைகளுக்குப் போகிறது. பண்டிகை நாள்களில் விலை ஏறும். பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகாத நாள்களும் உண்டு. நம் இல்லத்துப் பெண்கள் இதனைத் தலையில் சூடுவதில்லை. அந்த இடம் மல்லிகைக்கு உரியது. ஆயினும் வாசலோரத்திலும் வேலியிலும் அழகுக்காக இதனை வளர்க்கும் வீடுகள் நம்மில் ஏராளம்.

வளர்ப்பதில் சிரமமே இல்லை. முற்றிய தண்டில் ஒரு சாண் நீளத்துக்குக் குறையாமல் குச்சி வெட்டி, ஆனி, ஆடி மாதங்களில் நடலாம். நம் பக்கத்துச் செம்மண்ணே போதும். செடிக்குச் செடி ஆறடி இடைவெளி இருக்கட்டும். நாள் முழுதும் வெயில் படவேண்டும். நிழலில் நட்டால் இலைதான் தழைக்கும். வேர் பிடித்த பிறகு வாரம் ஒருமுறை நீர் விட்டால் போதும். நீர் தேங்குவது ஆகாது. இளந்தளிர்களில் மஞ்சள் நிற அசுவினி மொய்த்தால், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். 1945-இல் அணுகுண்டு வீசப்பட்ட ஹிரோஷிமாவில், கருகிய மண்ணில் முதலில் பூத்த மலர்களுள் ஒன்று என்று கருதி, அந்நகரத்தார் 1973-இல் அரளியையே தம் நகர மலராக ஏற்றுக்கொண்டார்கள். அத்தனை உரம் வாய்ந்த செடி!

புதுக் கிளைகளின் நுனியில்தான் பூங்கொத்து வரும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையேனும் கவாத்து செய்யவேண்டும். இல்லையேல் செடி நெட்டையாகி அடிப்பகுதி மொட்டையாகிவிடும். அன்று வெட்டிய கிளைகளை என்ன செய்கிறீர்கள்? பல வீடுகளில் அவை கொல்லைப்புறத்து மூலைக்குத்தான் போகின்றன. ஆடு கட்டும் இடமும் பெரும்பாலும் அதுவே.

அரளியின் இலை, தண்டு, பூ, வேர், பால் எல்லாமே நஞ்சு. அதிலுள்ள ஒலியாண்டிரின் என்னும் பொருள் இதயத் துடிப்பைக் குலைத்துவிடும். உலர்த்தினாலும் வேகவைத்தாலும் அந்நஞ்சு நீங்குவதில்லை. பச்சை இலை கசப்பதால் ஆடு ஒதுங்கிவிடுகிறது. ஆனால் வெட்டிப் போட்ட இலை வாடும்போது கசப்பு குறைகிறது. நஞ்சு அப்படியே இருக்கிறது. புல்லோடு கலந்து கிடந்தால் பசித்த ஆடு தின்றுவிடும். அதிலும் குர்பானிக்காக முன்கூட்டியே வாங்கிக் கட்டிப்போட்டு வளர்க்கும் ஆட்டுக்குத் தேர்ந்து மேய வழியேது? ஆசையோடு பிள்ளைகள் ஒடித்துப் போடும் தழைதான் அதற்கு உணவு. எந்தத் தழை என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமா?

2024-ஆம் ஆண்டு கேரளத்தில் ஓர் இளம்பெண் இறந்தபோது, அரளியை மென்றதுதான் காரணமோ என்ற ஐயம் எழுந்தது. அடூர்ப் பகுதியில் ஒரு பசுவும் கன்றும் அரளி இலை தின்று மாண்டதாகவும் அப்போது செய்தி வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, தன் கோயில்களில் நிவேதனத்துக்கும் பிரசாதத்துக்கும் அரளியைப் பயன்படுத்த வேண்டாமென முடிவு செய்தது.

இதற்காகச் செடியையே வெட்டி வீழ்த்த வேண்டும் என்பது என் கருத்தன்று. வெட்டிய கிளைகளை அன்றே திரட்டி, ஆழக் குழிதோண்டிப் புதைத்துவிடுங்கள். எரிக்க வேண்டாம், அப்புகையும் தீங்கானது. அடுப்பெரிக்கவும் கூடாது, கறி கோத்துச் சுடும் குச்சியாகவும் கூடாது. பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டு, வேலை முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். மஞ்சள் அரளி என்று நாம் அழைப்பது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த வேறொரு செடி. அதன் காய்க்குள் இருக்கும் விதை மிகக் கொடியது. தவழும் குழந்தையும் விளையாடும் பிள்ளையும் உள்ள வீட்டில் அது வேண்டவே வேண்டாம்.

குழந்தை வாயில் போட்டுக்கொண்டது தெரிந்தால், வாயைத் துடைத்துவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். உப்புநீர், புளிக்கரைசல் என்று எதையும் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அச்செடியின் ஒரு கிளையையும் கையோடு கொண்டு போனால் மருத்துவர் விரைந்து முடிவெடுக்க உதவும். ஆட்டுக்கு என்றால் அருகிலுள்ள கால்நடை மருந்தகம். நாமக்கல் வட்டாரத்தார்க்கு 1985-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியே அருகில் இருக்கிறது. உயிர் போவதற்குள் அறுத்துவிட்டால் இறைச்சியாவது மிஞ்சுமே என்று எண்ணி அவசரமாகக் கத்தியை எடுப்போர் உண்டு. அரளி தின்ற ஆட்டின் இறைச்சியை உண்ணவும் கூடாது, அண்டை வீட்டாருக்குக் கொடுக்கவும் கூடாது.