பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிப்பதா? மலைநாட்டுத் தோட்டப் பெற்றோரின் கோரிக்கைச் சாசனம்

ஹட்டனையும் நுவரெலியாவையும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை வளர்க்கிறவர்கள் நாங்கள். கொழுந்தெடுக்கிற தாய்மார், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்கிற தகப்பன்மார், கொழும்புக் கடைகளில் நின்று மாதம் ஒரு தடவை வீடு வருகிறவர்கள், மகள் குவைத்திலோ சவுதியிலோ இருக்கப் பேரப்பிள்ளைகளை வளர்க்கிற அம்மாயிமார் எல்லாரும் கூடிப் பேசி எழுதிய சாசனம் இது. கல்வி அமைச்சுக்கும், மத்திய மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும், ஹட்டன், நுவரெலியா வலயக் கல்விப் பணிமனைகளுக்கும், பெருந்தோட்டக் கம்பனிகளுக்கும், நாங்கள் சந்தா கட்டுகிற தொழிற்சங்கங்களுக்கும் இதைக் கொடுக்கிறோம்.

எங்கள் லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இப்போது அடிக்கடி எழுகிற பேச்சு ஒன்று உண்டு. "புள்ளய ஸ்கூல விட்டு நிப்பாட்டி வீட்டுல வச்சே படிப்பிச்சா என்ன?" கொழும்பில் இதைக் கேட்கிற குடும்பத்துக்குத் தனி அறையும், இணைய இணைப்பும், லண்டன் பரீட்சைக்குக் கட்டப் பணமும் இருக்கும். எங்களைக் கேட்க வைக்கிற காரணங்கள் வேறு. தோட்டத்தின் மேல் டிவிசனிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு இறங்குகிற பாதையில் குளவிக் கூடு இருக்கிறது, சிறுத்தை நடமாட்டம் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை பிடித்தால் ஓடை பெருகிவிடும். இத்தனையும் தாண்டிப் போய்ச் சேர்ந்த பிள்ளை, கணிதத்துக்கு ஆசிரியர் இல்லையென்று வெறும் கொப்பியோடு திரும்பி வருகிறது. அப்போதுதான் தாய்க்கு அந்த எண்ணம் வருகிறது.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டில் வைத்துப் படிப்பிப்பது ஒரு குடும்பம் யோசித்து எடுக்கிற முடிவாக இருக்க வேண்டும். பள்ளிக்கூடம் கைவிட்டதால் தலையில் விழுந்த சுமையாக இருக்கக் கூடாது. இன்று மலையில் நாங்கள் காண்பது பெரும்பாலும் அந்தச் சுமையைத்தான்.

லயத்தில் படிப்பது எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் பாட்டன்மார் பகலில் மலையில் வேலை செய்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் காம்பராவின் இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) எழுத்துத் தெரிந்த ஒருவரைச் சுற்றி உட்கார்ந்து, விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டினார்கள். லயன் பள்ளிக்கூடம், இராப் பள்ளிக்கூடம் என்று அவற்றைச் சொன்னார்கள். அப்படிப் படித்தவர்களை நினைத்துப் பெருமைப்படுகிறோம். அவர்கள் ஏன் அப்படிப் படிக்க வேண்டி வந்தது என்பதும் எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பள்ளிகள் சட்டத்தில் தோட்டப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புக் கொடுப்பது துரையின் (தோட்ட அதிகாரியின்) கடமை என்றது. பத்து வயதோடு கடமை முடிந்தது. அதற்குமேல் பிள்ளைக்கு மலைதான். 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே நின்றன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது, தட்டிக் கேட்க வாக்கும் இல்லாமல் போனது. தோட்டப் பள்ளிகளை அரசு கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான்.

இடையில் போன அந்த முப்பது வருடங்களில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள் எங்கள் தாய் தகப்பன். அந்தக் குறை எங்கள் வரை தொடர்ந்தது. தரம் 8 கணிதப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க எங்களில் பலருக்கு முடியவில்லை என்றால், அதை எங்கள் அக்கறையின்மை என்று யாரும் எழுதாதீர்கள்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டபோது நாடு முழுவதும் வீட்டுக் கல்விக்கு மாறியது. தொலைக்காட்சியில் 'குரு கெதர' பாட நிகழ்ச்சி வந்தது. எங்கள் வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன், அதுவும் அப்பா வேலையால் வந்தபிறகு. வாட்ஸ்அப்பில் ஆசிரியர் அனுப்பிய பயிற்சித்தாளின் படத்தை விரலால் பெரிதாக்கி ஒரு வரி பார்ப்பார்கள், கொப்பியில் எழுதுவார்கள், படத்தை நகர்த்தி அடுத்த வரி பார்ப்பார்கள். லயத்துக்குள் சிக்னல் இல்லை. நம்பர் மலையில் உச்சிக்கு ஏறினால் இரண்டு கோடு வரும். தங்கச்சி குடை பிடிக்க அக்கா பாடத்தை இறக்கினாள். 2021 ஜூலையில் சம்பளப் பிரச்சினையால் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிப் பாடத்திலிருந்தும் விலகியபோது அதுவும் நின்றது. அந்தப் போராட்டத்தின் நியாயம் எங்களுக்குத் தெரியும், நாங்களும் சம்பளத்துக்குப் போராடுகிறவர்கள். அந்த மாதங்களில் எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் இருக்கவில்லை என்பதும் உண்மை. 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளில் ஆரம்ப வகுப்புகள் 2021 ஒக்டோபர் 21ஆம் திகதிதான் திரும்பத் திறந்தன. 2022இல் எரிபொருள் இல்லாமல் போனபோதும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலும் மண்சரிவும் வந்தபோதும் மறுபடி அதே நிலைமை.

இருந்தாலும் பள்ளி மூடியிருந்த அந்த நாட்களில் நல்லதையும் கண்டோம். ஒரு மகன் தன் அம்மா எடுத்த கொழுந்தின் கிலோவைத் தினமும் கொப்பியில் எழுதினான். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்து, முழுப்பேர் (முழுநாட் சம்பளம்) எத்தனை, அரைப்பேர் (அரைநாட் சம்பளம்) எத்தனை, சேமலாப நிதிக்கு எவ்வளவு பிடித்தார்கள், சங்கத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தான். வகுப்பில் பயந்து உட்கார்ந்திருந்த பிள்ளை அவன். சதவீதம் அவனுக்குப் புரிந்தது அந்தச் சீட்டில்தான். வீட்டுக் கல்வியை நாங்கள் முற்றாக மறுக்காததற்கு இப்படிப்பட்ட பிள்ளைகளே காரணம்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

முதலாவது, ஆசிரியர். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். தமிழ்மொழி மூலம் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் கற்பிக்கிற ஆசிரியர்களைத் தோட்டப் பள்ளிகளுக்குத் தாருங்கள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு படிக்க எண்ணுகிற பிள்ளை ஹட்டன் டவுனிலோ நுவரெலியாவிலோ இடம் தேட வேண்டியிருக்கிறது, கிடைக்காவிட்டால் கலைப்பிரிவோடு ஆசையை முடித்துக்கொள்கிறது. 2015 அளவில் தோட்டப் பள்ளிகளுக்கென்று மூவாயிரம் பேரளவில் ஆசிரியர் உதவியாளர்களை எடுத்தீர்கள். பெரும்பாலும் எங்கள் லயத்துப் பிள்ளைகள். மாதக் கொடுப்பனவு 6000 ரூபா, பிறகு 10,000. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக அதில் என்ன மிஞ்சும்? ஆசிரியராக வந்தவரையே அரைப்பட்டினி போட்டால் அந்த வேலையில் யார் நிற்பார்? இனி எடுக்கிறவர்களை முழுச் சம்பளத்தோடு, பயிற்சியோடு எடுங்கள். பெருந்தோட்டப் பள்ளிகளை மனதில் வைத்து ஜெர்மன் உதவியோடு பத்தனையில் அமைத்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலும், கொட்டகலை ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிலும் இந்த மூன்று பாடங்களுக்கும் மலையகப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்குங்கள். வெளியூரிலிருந்து வருகிற ஆசிரியர் தங்க ஒரு வீடு இல்லாமல்தான் இடமாற்றம் கேட்டுப் போகிறார். பள்ளிக்குப் பக்கத்தில் விடுதி கட்டக் கம்பனி காணி கொடுக்க வேண்டும். எந்தப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்ற பட்டியலை ஒவ்வொரு தவணையும் தமிழில் எழுதிப் பள்ளி வாசலில் ஒட்டுங்கள். பிள்ளையை நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறவர்களுக்கு அந்தத் தகவல் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, வீட்டில் படிப்பிக்க முடிவெடுத்த குடும்பத்துக்குத் தெளிவான விதி. கட்டாயக் கல்வி வயது முன்பு 5 முதல் 14 வரை இருந்தது, 2016இல் அதை 16 ஆக்கினீர்கள். நல்ல மாற்றம், வரவேற்கிறோம். ஆனால் பிள்ளையை ஒழுங்காக வீட்டில் படிப்பிக்கிற தாய் எங்கே பதிய வேண்டும், யாரிடம் கொப்பியைக் காட்ட வேண்டும், பதிலுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்கிற ஒரு தமிழ்த் தாள்கூட எங்கள் கைக்கு வந்ததில்லை. 1980இலிருந்து பாடப்புத்தகம் இலவசம், 1993இலிருந்து சீருடைத் துணி இலவசம். இரண்டும் பள்ளிக்கூடத்தின் வழியாகத்தான் வருகின்றன. பிள்ளையின் பெயர் இடாப்பிலிருந்து வெட்டுப்பட்டால் புத்தகமும் வெட்டுப்படுகிறது. சாதாரண தரத்தையும் உயர்தரத்தையும் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுத வழி இருக்கிறது, அதற்கு முந்திய பத்து வருடங்களுக்குத்தான் வழி தெரியவில்லை.

உலகத்தில் இதற்கு ஒரே விடை இல்லை. இங்கிலாந்தின் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பிள்ளை பள்ளிக்குப் போயோ வேறு வழியிலோ தகுந்த கல்வி பெறுவதைப் பெற்றோரின் கடமையாக்குகிறது. ஜெர்மனி வீட்டுக் கல்வியை ஏறக்குறைய அனுமதிப்பதே இல்லை. பக்கத்து இந்தியாவில் 1989இல் அமைத்த தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக, வகுப்பில் உட்காராத பிள்ளையும் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். எங்களுக்கு இந்த மூன்றாவது வழி பொருந்தும் என்று நினைக்கிறோம். ஆகவே, வீட்டில் படிக்கிற பிள்ளையின் பெயர் அருகிலுள்ள அரசாங்கப் பள்ளியின் இடாப்பில் தனிப் பக்கத்தில் இருக்கட்டும். புத்தகம், சீருடை, பல் வைத்தியம், தடுப்பூசி, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை எதுவும் அதற்கு இல்லாமல் போகக் கூடாது. தவணைக்கு ஒரு தடவை ஆசிரியர் ஒருவர் பிள்ளையோடு உட்கார்ந்து கொப்பியைப் பார்க்கட்டும். வீட்டுப் படிப்புச் சரிவராவிட்டால் எந்த மாதத்திலும், எந்தக் கட்டணமும் இல்லாமல், அந்தப் பிள்ளையைத் திரும்ப வகுப்பில் சேர்க்க வேண்டும். நன்கொடை என்று எதுவும் கேட்கக் கூடாது.

மூன்றாவது கோரிக்கை எங்களையும் கட்டுப்படுத்துகிறது, தெரிந்தே எழுதுகிறோம். "வீட்டில் படிக்கிறது" என்ற சொல்லுக்குப் பின்னால் வேலைக்கு அனுப்பிய பிள்ளையை ஒளிக்க இடம் விடாதீர்கள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற தோட்டப் பிள்ளையைத் தேடித் தரகர் வருவது எங்களுக்குத் தெரியும். தம்பிமாரைப் பார்க்க வீட்டில் நிறுத்திய மகள், ஆறு மாதத்தில் கொழும்பில் யாரோ ஒருவர் வீட்டில் பாத்திரம் கழுவுகிறாள். குறைந்தபட்ச வேலை வயது 2021இல் 14இலிருந்து 16 ஆனது. அதே ஆண்டில்தான் மலையகத்திலிருந்து கொழும்புக்கு வீட்டுவேலைக்குப் போன பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி தீக்காயங்களோடு இறந்தாள். அதற்குப் பிறகும் பேசாமல் இருக்க எங்களால் முடியாது. தவணை முடிவில் ஆசிரியர் வரும்போது பிள்ளை வீட்டில் இல்லையென்றால், எங்கே என்று எங்களிடம் கேளுங்கள். பதில் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

நான்காவது, படிக்க இடம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஆறு பேர் படுத்து, அதிலேயே அடுப்பும் எரிகிறபோது எந்தப் பிள்ளையும் படிக்காது. புதிதாகக் கட்டிடம் கேட்கவில்லை. பிள்ளைக்காம்பரா (தோட்டத்துச் சிறுவர் காப்பகம்) பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து விளக்கும், மேசையும், இணைய இணைப்பும் போட்டு, உயர்தரம் முடித்து வீட்டில் இருக்கிற எங்கள் பெண்பிள்ளைகளில் இருவரைச் சம்பளம் கொடுத்து நியமியுங்கள். பள்ளிக்குப் போகிற பிள்ளையும் வீட்டில் படிக்கிற பிள்ளையும் அங்கே ஒன்றாக உட்காரட்டும். வீட்டில் படிக்கிற பிள்ளைக்குச் சேர்க்கை இல்லாமல் போய்விடுமே என்ற தாய்மாரின் கவலையும் அதனால் குறையும். மண்சரிவு எச்சரிக்கை வந்து பள்ளி மூடுகிற நாட்களுக்கென்று அச்சிட்ட பாடத்தாள்களை அங்கே முன்கூட்டியே வைத்திருங்கள். போனை நம்பியிருக்க முடியாது என்று மலைக்குத் தெரியும்.

ஐந்தாவது, நடக்க முடியாத பிள்ளைகள். மேல் லயத்திலிருந்து முந்நூறு படி இறங்கினால்தான் ரோடு என்றிருக்கிற இடத்தில், கால் வராத பிள்ளைக்கும் கண் தெரியாத பிள்ளைக்கும் வீட்டுக் கல்வி ஒன்றே வழி. அப்படிப்பட்ட பிள்ளையின் வீட்டுக்கு விசேட கல்வி ஆசிரியர் வாரம் இரண்டு நாளாவது வர வேண்டும். "அது எப்படிப் படிக்கும்" என்று இடாப்பில் சேர்க்காமலே விட்ட பிள்ளைகள் எங்கள் லயங்களில் இருக்கிறார்கள். அவர்களை எண்ணுவதிலிருந்து தொடங்குங்கள்.

ஆறாவது, தாயின் நேரம். காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்க) போனால் பின்னேரக் கொழுந்து நிறுத்து வீடு வர இருட்டிவிடும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்கூலி 1350 ரூபா ஆனபோதும், அதை முழுதாக எடுக்க ஒவ்வொரு நாளும் குறித்த கிலோவைக் கொடுக்க வேண்டியிருந்தது. பிள்ளையின் பாடத்தைக் கேட்க எந்த மணித்தியாலத்தில் உட்காருவது? பெற்றோர் கூட்டத்துக்கும் ஆசிரியர் வீடு வருகிற நாளுக்கும் முழுப்பேர் போட வேண்டும். கூட்டு ஒப்பந்தத்திலோ சம்பள நிர்ணய சபையிலோ இதை எழுத்தில் வாங்கித் தருவது தொழிற்சங்கங்களின் வேலை. மே தின மேடையில் பேசுகிற அளவுக்கு இந்த விஷயத்தையும் துரையின் ஆபீசில் பேசுங்கள்.

பாதைக்கும் பாலத்துக்கும் பஸ்ஸுக்கும் பல தடவை மனுக் கொடுத்துவிட்டோம். அந்த மனுக்களின் பிரதிகளை இத்துடன் இணைத்திருக்கிறோம்.

இதற்குப் பதிலைத் தமிழில், எழுத்தில் தாருங்கள். வருகிற பதில் எதுவானாலும் ஒவ்வொரு டிவிசனிலும் பிரட்டுக்களத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்போம். முதலாம் தவணை தொடங்குமுன் பிள்ளையின் பெயரை எந்த இடாப்பில் பதிவது என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் எங்களில் பலர் இருக்கிறார்கள். பதில் அதற்கு முன் எங்கள் கைக்கு வந்து சேர வேண்டும்.